வாசலில் வந்து நின்ற பீரங்கி

இடுப்பில் மகன், தோளில் இரண்டு பைகள், காதில் போன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆசிரியர் அறைக்கு வெளியே, தண்ணீர் கேன்கள் அடுக்கி வைத்திருக்கும் நடையில் நின்றிருந்தேன். கவினுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. காலையில் ஊட்டிய கேழ்வரகுக் கஞ்சி அவன் கன்னத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. என் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டே, "யார்ம்மா, யார்ம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கல்லூரிக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓட வேண்டும். அதற்குள் இந்த ஒரு அழைப்பு.

சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதனால் போனை எடுத்ததும் யார் என்றுகூடக் கேட்காமல் கொட்டிவிட்டேன்.

"வணக்கம் சார். புவனாவோட மென்டார் பேசறேன். உங்க பொண்ணு காலேஜ்ல ராணுவத்துக்கு எதிரா அட்டை புடிச்சிட்டு நின்னிருக்கா. பிரின்சிபால் உங்கள நேர்ல பாக்கணும்கறாரு. வரலன்னா ஹால் டிக்கெட் குடுக்க மாட்டாங்க."

மறுமுனையில் ஒரே காற்று. கூரைத் தகரம் அடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம்.

"மேடம், நான் அப்பா இல்லீங். அண்ணன்."

"சரிங்க தம்பி, அப்பாகிட்ட குடுங்க."

"அப்பா இல்லீங் மேடம். தவறிட்டாரு. எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க."

"அப்ப நீங்களே வந்துடுங்க. எங்க வேலை பாக்கறீங்க, சிப்காட்டா? ஷிப்ட் முடிச்சிட்டுகூட வரலாம்."

"இல்லீங் மேடம். நான் ராணுவத்துல தான் இருக்கறன்."

இணைப்பு அறுந்துவிட்டது. கவின் தோட்டை இன்னொரு சுற்றுத் திருகினான். வலித்தது.

வயதுக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர்

மகப்பேறு விடுப்பு முடிந்து, தாய்ப்பால் கட்டிய வலியோடு நான் வேலைக்குத் திரும்பிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கணிதம். ஆனால் எங்கள் ஓசூர்ப் பகுதித் தனியார் பொறியியல் கல்லூரிகளில் பாடம் நடத்துவது வேலையின் சிறிய பாகம்தான்.

பெரிய பாகம், இந்த மென்டார் வேலை. ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருபது சொச்சம் பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். மதிப்பெண் குறைந்தால் போன், தலைமுடி வளர்ந்திருந்தால் போன். ஓட்டுப் போடுகிற வயதில் இருக்கும் ஒரு பையன் ஏன் தாடி வைத்திருக்கிறான் என்று நான் தேன்கனிக்கோட்டையில் தக்காளி பறித்துக்கொண்டிருக்கும் அவன் அம்மாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா, "நீயே நாலு சாத்து சாத்தும்மா, நான் சொன்னா கேக்க மாட்டான்" என்றார். என்னைவிட ஒரு அடி உயரமான பையன்.

எங்கள் கல்லூரியில் கடைசித் தண்டனை எப்போதும் ஒன்றுதான். பெற்றோரை அழைத்து வா. அபராதம் கட்டிவிடலாம், இடைநீக்கம் என்றால் வீட்டில் இருந்து தூங்கிவிடலாம். பெற்றோரை அழைத்து வருவது மட்டும் பிள்ளைகளுக்கு உயிர் போகும். அதனால்தான் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் எங்கள் கல்லூரியில் ஒரே பருவத்தில் மூன்று பையன்களுக்குச் சித்தப்பாவாக வந்து கண்கலங்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு முதல்வர் சட்டத்தை இறுக்கினார். சேர்க்கையின்போது யார் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டாரோ, அவரே நேரில் வர வேண்டும். இல்லையென்றால் பெற்ற தாய் வர வேண்டும். வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது.

புவனாவுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவள் அண்ணன். படைவீரர் குடும்பத்தாருக்குக் கட்டணச் சலுகை என்று எங்கள் கல்லூரி ஊரெல்லாம் பிளெக்ஸ் வைத்திருந்தது. அந்தச் சலுகையில் சேர்ந்தவள் அவள். சலுகை வேண்டுமென்றால் படைவீரரே கார்டியனாக இருக்க வேண்டும் என்பதும் எங்கள் சட்டம்தான்.

ஆக, ராணுவத்தை அவமதித்ததற்காக ராணுவத்தில் இருந்து ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் விளக்கம் சொல்ல வேண்டும். இதை எழுதும்போதும் எனக்குத் தலை வலிக்கிறது.

வளைவில் சிக்கிய விருந்தாளி

பீரங்கி வந்த கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் தாளாளருக்கு மற்றக் கல்லூரிகளில் இல்லாத ஒன்று வேண்டும். ஒரு வருடம் நீரூற்று. இன்னொரு வருடம் கண்ணாடி லிப்ட், அதில் ஆசிரியர்கள் ஏறக்கூடாது. அதற்கடுத்து அவர் யாரையோ பிடித்து, எங்கோ விண்ணப்பித்து, பயனிழந்த பழைய பீரங்கி ஒன்றை வாங்கிவிட்டார். மாணவர்களுக்கு நாட்டுப்பற்று வரும் என்றார். நுழைவாயிலுக்கு உள்ளே மேடை கட்டி, கிரானைட் பதித்து, சுற்றிலும் செவ்வந்தி நட்டு வைத்தார்கள்.

வந்த அன்று டிரெய்லர் லாரி எங்கள் நுழைவு வளைவுக்குள் நுழையவில்லை. பீரங்கியின் குழல் சரியாகக் கல்லூரியின் பெயரில் போய் இடித்தது. மத்திகிரி சாலை முழுக்க வண்டிகள் நின்றுவிட்டன. கர்நாடகப் பதிவெண் லாரிக்காரர் இறங்கி வந்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏன் மேடம், இது காலேஜா, கேம்ப்பா?"

"காலேஜ் தாண்ணா" என்றேன். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் அது சாலையோரத்தில் நின்றது. யாரோ அதன் சக்கரத்தில் எருமையைக் கட்டினார்கள். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரை அப்போதுதான் எங்கள் ஒழுங்கு அலுவலராக நியமித்திருந்தார்கள். கழுத்தில் விசில், கையில் ஒரு பிரம்பு. அவர் வந்து எருமையை அவிழ்த்துவிட்டு, பீரங்கியைத் துணியால் துடைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அது பழைய இரும்பு இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அவர் மேல் வருத்தம் கிடையாது.

வருத்தம் எல்லாம் கவின் மேல்தான். அவன் அதை யானை என்றான். குழலைத் தும்பிக்கை என்று முடிவுகட்டி, தினமும் காப்பகத்துக்குப் போகும் முன் அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று அழுதான். தொடவிடலாமா, துப்பாக்கி பீரங்கி என்று பிள்ளை பழகிவிடுமா என்று நான் ஒரு பக்கம் யோசிப்பேன். தொடவிடாவிட்டால் அழுது வாந்தி எடுப்பான் என்று இன்னொரு பக்கம். பெரும்பாலும் வாந்திக்குப் பயந்துதான் தொடவிட்டேன்.

எங்களுக்குத் தெரிந்த எல்லை

ஓசூர்க்காரர்களுக்கு எல்லை என்றால் அத்திப்பள்ளி. அங்கே போலீஸ் நிற்கும், லாரி நிற்கும், பலகையில் எழுத்து கன்னடமாக மாறும். அதைத் தாண்டிப் போய் பானிபூரி தின்றுவிட்டு வருவோம்.

வடக்கே நிஜ எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரங்களில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. தொலைக்காட்சியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டினேன். பால் பவுடர், மெழுகுவத்தி, கவினுக்குக் காய்ச்சல் மருந்து என்று வாங்கிக் குவித்தேன். என் கணவர் சதீஷ் வேலையிலிருந்து வந்து ஜன்னலைப் பார்த்தார்.

"எதுக்குடி பேப்பர் ஒட்டி வெச்சிருக்க?"

"குண்டு கிண்டு போட்டா?"

"அத்திப்பள்ளியில இருந்தா போடுவாங்க?"

சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் வேலை செய்யும் சிறிய பட்டறைக்கு அப்போது ராணுவத் தளவாட ஆர்டர் ஒன்று வந்திருந்தது. தினமும் ஓவர்டைம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு வளையம்" என்றார். எதற்கு? "டிராயிங்ல என்னா இருக்கோ அதைக் கடையறோம். அது எங்க போவும்னு எங்களுக்கு எதுக்கு? வூட்டு வாடகை போவுது இல்ல?"

அவர் சொன்னது சரி. வாடகை போகத்தான் செய்தது. சரியாக இருந்ததாலேயே எரிச்சலாக வந்தது.

கல்லூரியில் அபாயச் சங்கு ஒத்திகை வைத்தார்கள். யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை. சங்கு ஊதியதும் ஜவளகிரிப் பக்கத்துப் பிள்ளைகள், "ஆனை வந்துருச்சு" என்று மொட்டை மாடிக்கு ஓடினார்கள். அவர்களுக்கு ஆபத்து என்றால் ராகிக் கொல்லையில் இறங்கும் யானைதான். மேசைக்கு அடியில் ஒளிய வேண்டிய ஒத்திகையில் பாதிக் கல்லூரி மாடியில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுபேதார் விசில் ஊதி ஊதியே களைத்துப்போனார்.

மறுநாள் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தி, தாளாளர் பேசினார். எதிரியைத் துடைத்தெறிய வேண்டும் என்றார். கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். நானும் தட்டினேன். வெயில் கொளுத்தியது, கவினுக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து ஆள் வந்து நின்றது, எப்போது முடியும் என்று இருந்தது.

அட்டை பிடித்தவர்கள்

அதற்கு அடுத்த நாள் மதிய உணவு நேரத்தில் சில பிள்ளைகள் பீரங்கிக்கு எதிரே போய் நின்றார்கள். கோஷம் கிடையாது. சிப்காட் தொழிற்சாலைகளில் தூக்கிப்போடும் அட்டைப்பெட்டிகளை வெட்டி, மார்க்கர் பேனாவால் எழுதிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். மறுநாளும் அப்படியே.

"போர் வேண்டாம்" என்று இரண்டு அட்டைகள் இருந்தன. ஒரு பையன், "பீரங்கி வந்துவிட்டது, பஸ் எப்போது வரும்?" என்று எழுதியிருந்தான். முதல்வருக்கு அதிகமாகக் கோபம் வந்தது அந்த பஸ் அட்டையைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

புவனாவின் அட்டையில் ஒரே வரி. "எங்கள் அண்ணன் பத்திரமாக வர வேண்டும்."

சுபேதார்தான் புகார் கொடுத்தார். பீரங்கிக்கு எதிரே நின்று போர் வேண்டாம் என்று சொல்வது, அதைப் பிடித்துச் சண்டை போட்டவனைக் கேலி செய்வது என்பது அவர் கட்சி.

பெற்றோர்கள் வரிசையாக வந்தார்கள். பஸ் அட்டைப் பையனின் அம்மா முதல்வர் அறை வாசலிலேயே அவனைக் கைப்பையால் அடித்தார். ஒரு அப்பா, "என்னா எழவுக்குடா உனக்கு இந்த வேல? சண்டைய நிறுத்தறதுக்கு நீ யாரு?" என்று கேட்டுவிட்டு, என்னிடம் திரும்பி மெதுவாக, "பஸ் நெசமாவே இல்லீங்களே மேடம்" என்றார். எல்லாருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது.

மிச்சம் புவனா மட்டும். கடைசிப் பருவம். ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். இந்தத் தேர்வு எழுதாவிட்டால் அந்த வேலை கிடையாது.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடேன்டி" என்றேன்.

"என்னான்னு மேடம் எழுதறது? அண்ணன் பத்திரமா வர வேணாம்னா?"

"அப்படி இல்ல. சும்மா ஒரு பேச்சுக்கு."

"நீங்களே சொல்லுங்க. நான் எழுதிக்கறன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மூன்று வாக்கியங்களை ஆரம்பித்தேன். எதையும் முடிக்க முடியவில்லை. "போடி, வகுப்புக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் நின்று போன் செய்தேன். பதிவேட்டில் இருந்த எண் அப்பாவுடையது என்று நினைத்தேன்; போனை எடுத்தவர்தான் அட்டையில் இருந்த அண்ணன் என்பது அவர் வாயால் சொல்லும்வரை எனக்கு உறைக்கவில்லை.

"அம்மாவக் கூப்புடாதீங்க"

அவர் அன்று சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டார். பெயர் மணிகண்டன். என்னைவிட வயதில் சின்னவராகத்தான் இருப்பார். நான் மறுபடி சார் என்று ஆரம்பித்தேன்.

"சார்லாம் வேணாங்க மேடம். அவ என்னா பண்ணா, அத மொதல்ல சொல்லுங்க. யாரையாச்சும் அடிச்சிட்டாளா?"

அட்டையில் இருந்ததைச் சொன்னேன்.

"லூசு" என்றார். "பரீட்சைக்குப் படிடின்னா அட்டை புடிச்சிட்டு நிக்கறாளா? வர்றன்னு சொன்னன் இல்ல? நான் வர மாட்டனா?"

"தம்பி, ஒரு நாள் லீவு போட்டு வர முடியுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. சிப்காட்டில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வரச் சொல்வதுபோலக் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லா லீவும் கேன்சல் மேடம். ஊருக்குக் கெளம்பினவனையே பாதி வழியில திருப்பிட்டாங்க."

"அப்ப அம்மாவை வரச் சொல்லட்டுமா? அவங்க வந்தாலும் போதும்."

"அய்யோ, அம்மாவக் கூப்புடாதீங்க." குரல் மாறிவிட்டது. "நான் இங்க பார்டர்ல இருக்கறது அம்மாவுக்குத் தெரியாதுங். பெங்களூர் கேம்ப்புல இருக்கறன்னு சொல்லி வெச்சிருக்கறன். அப்பா போனதுல இருந்து அவங்களுக்கு நெஞ்சு படபடன்னு வரும். 'அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூரு, ஒரு ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போனா என்னாடா கொறஞ்சிருவ'ன்னு தெனம் திட்டுவாங்க. திட்டட்டும். பிரின்சிபால் அந்த அட்டைய அவங்களுக்குக் காட்டினா, அவ்ளோ தான்."

"தம்பி, நான் என்ன பண்றது? எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

"தெரியுதுங்க மேடம். ஆனா அவ பரீட்சை எழுதணும். எப்பிடியாச்சும்." பிறகு, "அக்கா" என்றார். "உங்கள அக்கான்னு நெனச்சிக் கேக்கறன்."

இந்த அக்கா என்ற சொல்லை எப்போது எடுக்க வேண்டும் என்று நம் ஊர்த் தம்பிகளுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல், அவள் மேல், முதல்வர் மேல், பீரங்கி மேல். கார்டியன் கையெழுத்துக்கு இவ்வளவு பெரிய சட்டம் போட்டவர்கள், சண்டை வந்தால் கார்டியன் எங்கே இருப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா?

முதல்வர் அறையில்

முதல்வர் கெட்டவர் இல்லை. கவினுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் அவருக்குச் சட்டம் மட்டும்தான் தெரியும். சுபேதாரும் அங்கே நின்றிருந்தார்.

"ரூல்னா ரூல் மேடம். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"அவர் எல்லையில இருக்காரு சார். எப்படி வருவாரு?"

"அதனால தானேம்மா சலுகையே குடுத்தோம்."

"சார், அந்தச் சலுகைக்காகத்தான் அவர் கார்டியனா இருக்காரு. கார்டியனா இருக்கறதால வரணும்கறோம். ராணுவத்துல இருக்கறதால வர முடியாதுங்கறாங்க. நாம யாரை சார் கேக்கறோம்?"

எப்போதும் நான் இப்படிப் பேசுவதில்லை. பேசிய பிறகுதான், என் பணி நீட்டிப்பு இவர் கையில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

சுபேதார்தான் வாயைத் திறந்தார். "இப்ப யாருக்கும் லீவு கெடைக்காது சார்." பிறகு என்னைப் பார்த்து, "எந்த ரெஜிமென்ட்டும்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். "இருந்தாலும் அட்டை புடிச்சது தப்பு தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

"சரி, அப்ப அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார் முதல்வர். "அவங்க ஊரு மத்தூர் தானே? பஸ் இருக்கு."

பஸ் இருந்தது. அம்மா வருவார். முதல்வர் கைபேசியில் அட்டையின் படத்தைக் காட்டுவார். அந்த ஒரு வரியைப் படிக்க அந்த அம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? படித்த பிறகு இந்த அறையில் யார் அவருக்குப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்?

"சார், விண்ணப்பத்துல லோக்கல் கார்டியன்னு ஒரு கட்டம் இருக்கு. அவளுக்கு அது காலியா இருக்கு" என்றேன். "அதுல நான் கையெழுத்துப் போடறேன். அப்ப நானும் கார்டியன் தானே?"

"நீங்களா?"

"நான் மத்திகிரியில தான் இருக்கேன். உள்ளூர் தான்."

அவர் விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். "மறுபடி அவ அங்க போய் நின்னா, நான் அவளைக் கூப்பிட மாட்டேன் மேடம். உங்களைத் தான் கூப்பிடுவேன்."

கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சொன்னதும் சதீஷ் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கல."

"சொந்தப் புள்ளைக்குத் தடுப்பூசி எப்பன்னு நான் ஞாபகப்படுத்தணும். இதுல ஊர்ப் புள்ளைக்குக் கார்டியனா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பையன் எந்தப் பக்கம் இருக்கானாம்?" என்று கேட்டார். சொல்லவில்லை, சொல்லவும் கூடாதாம் என்றேன்.

பத்திரம்

ஹால் டிக்கெட்டைக் கொடுக்கும்போது புவனாவிடம் கறாராகச் சொன்னேன். "பரீட்சை முடியற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது."

"சரிங்க மேடம்."

"சத்தியமா?"

"சரின்னுட்டனே மேடம்."

முதல் இரண்டு தேர்வுகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது தேர்வு மதியம். நான் மாடியில் விடைத்தாள் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பீரங்கிக்கு எதிரே அவள் நிற்கிறாள். கூட யாரும் இல்லை. மற்றவர்கள் எல்லாம் அவரவர் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு அடங்கிவிட்டார்கள். உச்சி வெயிலில் இவள் மட்டும், கையில் அதே அட்டை.

எனக்கு வந்த கோபத்தில் படியில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது. அதை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

"உனக்கு அறிவு இருக்காடி? யாரு கையெழுத்துப் போட்டிருக்கான்னு தெரியுமா? நாளைக்கு எனக்கு வேலை போச்சுன்னா நீயா வந்து எங்க வாடகை குடுப்ப? இன்னும் கொஞ்ச நேரத்துல பெல் அடிக்கும். ஹால் டிக்கெட் எங்க? சாப்பிட்டியா?"

"நாலு நாளா போன் வரல மேடம்" என்றாள்.

அழவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். உதடு வெடித்திருந்தது.

"டவர் இல்லாம இருக்கும்."

"டவர் இல்லன்னா அண்ணன் யார் போன்ல இருந்தாச்சும் ஒரு மிஸ்டு கால் குடுக்கும். எப்பவும் குடுக்கும்." அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். "அம்மா, பெங்களூர்ல என்னாடி டவர் இல்லன்னு கேக்குது. நான் என்னா சொல்றது? படிக்க உக்காந்தா ஒரு எழுத்தும் ஏறல. இங்க வந்து நின்னா கொஞ்சம் பரவால்ல மேடம். ஏன்னு தெரியல."

நானும் ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியவள்தானே. அவளை நிழலுக்கு இழுக்கலாம் என்று கையைப் பிடித்தேன். வரவில்லை. அப்படியே அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், கையைப் பிடித்தபடி. திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று யாராவது நினைத்தால் நல்லது என்று முகத்தை மட்டும் கடுகடுப்பாக வைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது.

"போடி."

"அட்டைய உள்ள விட மாட்டாங்க மேடம்."

"போட்டுட்டுப் போ."

"அண்ணன்னு எழுதி இருக்கு. எப்பிடிக் கீழ போடறது? கொஞ்சம் புடிங்க." என் கையில் திணித்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு தேர்வுக்கூடத்தைப் பார்த்து ஓடினாள். கதவு மூடுவதற்குள் உள்ளே போய்விட்டாள். போனதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அப்புறம்தான் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. எதிரே பீரங்கி. மேலே கேமரா. கையில் அட்டை, எழுத்து வெளிப்பக்கமாக. திருப்பிப் பிடிக்கலாம் என்றால் பின்பக்கம் அட்டைப்பெட்டியில் அச்சடித்த எழுத்து: "கவனமாகக் கையாளவும்" என்று மூன்று மொழிகளில். குப்பைத் தொட்டியில் போட மனம் வரவில்லை. ஆசிரியர் அறைக்கு எடுத்துப் போனால் கேள்வி வரும். சேலைத் தலைப்புக்குள் மறைக்கிற அளவில் அது இல்லை.

வாசல் பக்கமிருந்து சுபேதார் நடந்து வந்துகொண்டிருந்தார். விசில் வாயில் இருந்தது. இன்னும் ஊதவில்லை.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண்.

எடுத்தேன். காற்று. தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"அக்கா, நான் மணிகண்டன். வேற ஆளு போன்ல இருந்து பேசறன். புவனா போன் ஆஃப்ல இருக்குது. ஏதாச்சும் பிரச்சனையா?"

முதலில் வந்தது கோபம்தான். "நாலு நாளா எங்க தம்பி போனீங்க? ஒரு மிஸ்டு கால் குடுக்கக் கூடாதா? அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் அங்கே என்ன நிலைமையில் இருக்கிறாரோ.

"பரீட்சைக்குப் போயிட்டா" என்றேன். "இப்பத்தான் உள்ள போனா. அதான் போன் ஆஃப்."

"போயிட்டாளா?" பெரிதாக மூச்சு விட்டார். "ஒழுங்கா இருக்கறாளாக்கா? மறுபடி அந்த மாதிரி எதும் பண்ணலியே?"

சுபேதார் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார். இரண்டாவது தடவை அட்டையைப் படித்தார்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அட்டையை இன்னொரு கைக்கு மாற்றினேன். ஒரு நிமிடம் இருங்கள் என்று சுபேதாரிடம் சைகை காட்டினேன்.

"ஒழுங்காத்தான் இருக்கா தம்பி" என்றேன். "நீங்க எப்ப வர்றீங்க, அதைச் சொல்லுங்க."